கூட்டல் சி

பதினோரு வாரப் பாடத்தை
ஆறு வாரத்தில் திணித்துத் தருகிறார்கள்
யாக்கிமாவின் சமுதாயக் கல்லூரியில்.
திங்கள் முதல் வியாழன் வரை,
காலை எட்டிலிருந்து பதினொன்று.
"ஒரு நாள் வராவிட்டால்
ஒரு வாரம் வராத மாதிரி"
என்றார் ப்ரூக்ஹைசர்.
சொல்லி முடிப்பதற்குள்
பலகையில் பாதி நிரம்பிவிட்டது.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
ஜூன் நடுவில் பிள்ளைகள் இறங்கிப் போனார்கள்.
வண்டி எண் முப்பத்தொன்று
கொட்டகையில் சும்மா நிற்கிறது.
நாற்பத்து மூன்று வயதில்
நுண்கணிதம் எதற்கு என்றான் அண்ணன் டுவேன்.
பொறியியலுக்கு வேண்டும் என்றேன்.
பொறியியல் எதற்கு என்று அவன் கேட்கவில்லை.
அதற்கொரு பதில் வைத்திருந்தேன்,
கண்ணாடி முன் ஒத்திகை பார்த்த பதில்.
வீணாயிற்று.

இரண்டாம் நாள் தும்மினேன்.
கண்ணைத் திறந்தால்
ஒரு தேற்றத்தைக் காணோம்.

பக்கத்து இருக்கை ஓஸ்வால்டோ
விடியலுக்கு முன்பே ஏணி ஏறுகிறவன்.
வெயில் வந்தால் செர்ரி குழைந்துவிடும்;
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பறிக்கிறார்கள்.
வகுப்புக்கு வரும் அவசரத்தில்
கை கழுவ நேரம் இருப்பதில்லை.
அவன் தாளில்
சமக்குறிகளெல்லாம் சிவப்பு.
இருவருக்கும் நடுவே ஒரு பை பழம்,
கொட்டைக்குக் காகிதக் கோப்பை.
மென்றபடியே
பகுதி பகுதியாகத் தொகையிட்டோம்.
எதை யு என்று வைப்பது?
தவறாக வைத்தால்
கணக்கு வளர்ந்துகொண்டே போகும்,
சரியாக வைத்தால் சுருங்கும்.
வைத்துப் பார்க்காமல் தெரியாது.

முதல் தேர்வு, ஐம்பத்தெட்டு.
எட்டு இடங்களில் கூட்டல் சி விட்டுப்போயிருந்தது.
"மாறிலி இல்லையென்றால்
ஒரே ஒரு வளைகோட்டைத்தான் சொன்னதாகும்.
மற்றதெல்லாம் எங்கே போகும், மார்லிஸ்?"
அவர் கேட்டது கணக்கைத்தான்.
காருக்குள் உட்கார்ந்து
ஏ.சி. போடாமல் அழுதேன்.
புழுக்கம் தாங்காமல்
போட்டுக்கொண்டு அழுதேன்.

மூன்றாம் வாரம்
மலைக்கு அந்தப் பக்கம் காடு எரிந்தது.
பத்து மணிக்கும் சூரியனை நேராகப் பார்க்கலாம்,
பழைய செப்புக் காசு போல.
ஜன்னல்களை மூடினார்கள், வகுப்பை மூடவில்லை.
முப்பது பேர் இருபதானோம்,
பிறகு பதினான்கு.
யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை.
ப்ரென்னன் மட்டும்
தன் கால்குலேட்டரை என் மேசையில் வைத்துவிட்டுப் போனான்,
பேட்டரி புதுசு என்று சொல்லி.

ஐந்தாம் வாரம் தொடர்கள்.
ஒன்று, அரை, மூன்றில் ஒன்று, கால்...
உறுப்புகள் பூச்சியத்தை நோக்கித் தேய்கின்றன.
கூட்டினால் எங்காவது நிற்குமா?
நிற்கும் என்று எல்லோரும் கை தூக்கினோம்.
நிற்காதாம்.
இரண்டு, நான்கு, எட்டு என்று
அடைப்புக்குறி போட்டுக் கட்டினார்.
எந்தக் கட்டும் அரைக்குக் குறையவில்லை.
அரை, இன்னொரு அரை, இன்னொரு அரை.
ஓஸ்வால்டோ பேனாவைக் கீழே வைத்தான்.
"ஒவ்வொரு வாளியிலும் துளித்துளியாகக் கழிக்கிற
எங்கள் மேஸ்திரி
இதை எப்போதோ படித்திருக்கிறார்."
ப்ரூக்ஹைசர் எழுதுவதை நிறுத்தியது
அந்தக் கோடையில் அப்போது மட்டும்தான்.

கடைசித் தேர்வில்
எல்லாவற்றுக்கும் போட்டேன் கூட்டல் சி.
எல்லைகள் குறித்த தொகைக்கும்,
வெறும் எண் விடைக்கும்,
பெயருக்குப் பக்கத்தில்கூட
பேனா ஒருமுறை போய் நின்றது.
வேண்டாத இடங்களில் அவர் அடித்திருந்தார்,
மெல்லிய கோடு, மதிப்பெண் குறைக்காமல்.

தரம் வந்தது: சி கூட்டல்.

அண்ணனுக்குப் போன் செய்தேன்.
"அது நல்லதா?"
பின்னால் அவன் டிராக்டர் உறுமிக்கொண்டிருந்தது.
"அடுத்த வகுப்புக்கு விடுவார்கள்" என்றேன்.
விரல் இடுக்கில் இன்னும்
கொஞ்சம் சிவப்பு.